ஒரே விமானம், ஒரே நாள்: 1/48 அளவில் ஒரு கேட்டலினா பறக்கும் படகு – நிகழ்வு ஆய்வு

## எதைப் பற்றிய பதிவு

இரண்டாம் உலகப் போர்க்காலக் கேட்டலினா கடல் விமானம் ஒன்றை 1/48 அளவில் பிளாஸ்டிக் மாதிரியாக நுணுக்கமாகக் கட்டி முடித்த வேலையின் பதிவு இது. கட்டியவர் முப்பதுகளில் இருக்கும் இயந்திர வரைவாளர். அதற்கு முன் ஒற்றை எஞ்சின் போர் விமானங்களை மட்டுமே செய்தவர். அவருக்குத் துணையாக இருந்தவர் விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மூத்தவர். இருவரையும் ‘கட்டியவர்’, ‘மூத்தவர்’ என்றே குறிப்பிடுகிறேன். நான் கூடவே இருந்து குறிப்பும் படமும் எடுத்தேன்.

வேலை நல்லபடியாக முடிந்தது. ஆனால் நடுவில் ஒரு கட்டத்தில் பாதி பெயின்ட் அடித்த உடலை வெட்டித் திறக்க வேண்டியிருந்தது. அது ஏன் வந்தது, எப்படிச் சரியானது என்பதற்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன். பெரிய கடல் விமான கிட்டை (ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்கள் அடங்கிய மாதிரிப் பெட்டி) கையில் எடுக்கும் யாருக்கும் இதே சிக்கல் வரலாம்.

## பின்னணி

கேட்டலினாவின் மூல வடிவம் 1935 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்தது. உடல் படகு மாதிரி. இறக்கை உடலோடு ஒட்டாமல், முதுகில் எழும் ஒரு தூணின் மேல் குடைபோல உட்கார்ந்திருக்கும். பக்கத்துக்கு இரண்டு தாங்கு கம்பிகள். இறக்கை நுனியில் இருக்கும் மிதவைகள் மேலே மடங்கினால் அவையே இறக்கை நுனியாகிவிடும். உடலின் பின்பாதியில் இரு பக்கமும் புடைத்து நிற்கும் குமிழ் ஜன்னல்களை வைத்துத்தான் பலரும் இந்த விமானத்தை அடையாளம் காண்கிறார்கள்.

இதில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. பிபிஒய்-5 தண்ணீரில் மட்டும் இறங்கும் சுத்தமான பறக்கும் படகு. பிபிஒய்-5ஏ சக்கரமும் உள்ளது, நிலத்திலும் இறங்கும். கட்டியவர் வாங்கியது 5ஏ கிட். முதலில் அவருக்கு எந்தத் திட்டமும் இல்லை. பெட்டியில் உள்ளதை உள்ளபடி கட்டி, எஞ்சினையும் உள்ளறைகளையும் கூடுதலாக நுணுக்கலாம் என்றுதான் ஆரம்பித்தார். உள்ளறைத் தடுப்புகளையும் சக்கரக் குழிப் பெட்டிகளையும் உடலின் இரு பாதிகளுக்குள் ஒட்டியும் முடித்திருந்தார்.

அந்த நிலையில்தான் மூத்தவர் வந்து பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: “தம்பி, இது எந்த விமானம்? எந்த நாள்ல இருந்தபடி செய்யறீங்க?”

“கேட்டலினா சார். போர்க்காலம்.”

“மூவாயிரத்துக்கு மேல கட்டியிருக்காங்க. அதுல எது?”

இரண்டு வாரம் கழித்துக் கட்டியவர் பதிலோடு வந்தார். கனடா விமானப்படையின் 413-ஆவது ஸ்குவாட்ரன் என்ற படைப்பிரிவைச் சேர்ந்த கேட்டலினா ஒன்று, வரிசை எண் ஏஜே155. நாள் 1942 ஏப்ரல் 4.

அந்த நாள் இந்துமாக்கடல் வரலாற்றில் முக்கியமானது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் இருந்த இந்த ஸ்குவாட்ரன் அப்போதுதான் இலங்கைக்கு மாற்றப்பட்டிருந்தது. தென்கரையில் உள்ள கொக்கல ஏரிதான் தளம். லியோனார்ட் பிர்ச்சல் ஓட்டிய இந்த ஏஜே155 ஏப்ரல் 2-ஆம் தேதி வந்து சேர்ந்து, 4-ஆம் தேதி விடியலுக்கு முன் ரோந்துக்குக் கிளம்பியது. அன்று பிற்பகல் நெடுநேரம் கழிந்தபின், இலங்கைக்குத் தெற்கே சுமார் 350 மைல் தொலைவில், நகுமோ தலைமையிலான ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பற்படையைக் கண்டது. ஜப்பானியரின் ஜீரோ போர் விமானங்கள் சுட்டு வீழ்த்துவதற்கு முன் வானொலியில் எச்சரிக்கை போய்விட்டது. விமானத்தில் இருந்த ஒன்பது பேரில் ஆறு பேர் பிழைத்துக் கைதிகளானார்கள். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. ஏப்ரல் 9-ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது.

ஆக, மாதிரியில் வரப்போகும் விமானம் இலங்கைத் தண்ணீரில் இரண்டே இரவுகள் நின்றது. இந்த ஒரு தகவல் பின்னால் நிறம், அழுக்கு, தண்ணீர் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

## கிட்டையும் சான்றுகளையும் ஒப்பிட்டபோது

ஏஜே155, பிரிட்டன் வாங்கிய கேட்டலினா I என்ற வகை; அது பிபிஒய்-5-க்கு இணையானது. சக்கரம் கிடையாது. அப்படியென்றால் கிட்டில் உள்ள பக்கவாட்டுச் சக்கரக் குழிகள் இரண்டும், மூக்கின் அடியில் உள்ள முன்சக்கரக் கதவும் இருக்கவே கூடாது. ஆயுதமும் வேறு. கிட்டின் குமிழ் ஜன்னல்களில் அமெரிக்கப் பாணியில் கனமான 0.50 அங்குலத் துப்பாக்கிகள். கேட்டலினா I-இல் இருந்தவை 0.303 அங்குலத் துப்பாக்கிகள்: மூக்கில் ஒன்று, குமிழ்களில் நான்கு, உடலடியில் ஒன்று என ஆறு. மாதிரியின் மேல் ஒட்டும் குறிகள் அச்சிட்ட டிக்கல் தாளில் இருந்த பிரிட்டிஷ் குறிகளோ சிவப்பே இல்லாத இருநீல வட்டங்கள். தென்கிழக்காசியக் களத்தில் அவை 1943-க்குப் பிறகு வந்தவை. ஜப்பானியச் சிவப்பு வட்டத்தோடு குழம்பக் கூடாது என்பதற்காகச் சிவப்பை எடுத்தார்கள். 1942 ஏப்ரலில் அந்த மாற்றம் நடக்கவில்லை.

சான்றுப் படங்களிலும் ஒரு சிக்கல் இருந்தது. இன்று அருங்காட்சியகங்களில் நிற்பவற்றில் பெரும்பாலானவை சக்கரமுள்ள வகைகள். பிரிட்டனில் கோஸ்ஃபோர்டில் உள்ளதுகூடப் பிபிஒய்-6ஏ; அதன் வால் இன்னும் உயரமானது. சுற்றி நடந்து வண்ணத்தில் எடுத்த அருமையான படங்கள் எல்லாம் தவறான விமானத்தின் படங்கள். சக்கரமில்லாத பிபிஒய்-5 ஒன்று அமெரிக்காவில் பென்சகோலா கடற்படை விமான அருங்காட்சியகத்தில், உடலின் ஒரு பக்கம் வெட்டித் திறந்த நிலையில் இருக்கிறது. கட்டியவருக்கு மிகவும் உதவியது அதன் படங்கள்தான்.

மூத்தவர் சொன்னபடி படங்களை மூன்று கோப்புகளாகப் பிரித்தார்கள். முதல் கோப்பில் அதே ஸ்குவாட்ரன், அதே காலம். இரண்டாவதில் அதே வகை, வேறு படை. மூன்றாவதில் வேறு வகை, ஆனால் பொருந்தும் பகுதி. எஞ்சினுக்கு மூன்றாவது கோப்பு போதும். உடலின் பக்கவாட்டுக்கு அந்தக் கோப்பைத் திறக்கவே கூடாது. இந்த வேலையில் நான் பார்த்த மிகப் பயனுள்ள பழக்கம் இது. எந்தப் படம் எதற்குச் சாட்சி என்று முதலிலேயே எழுதி வைத்துவிட்டால், இரவு பதினொரு மணிக்குக் களைப்பில் எடுக்கும் முடிவுகள்கூடச் சரியாக இருக்கும்.

## உடலை மூடுவதற்கு முன் எடுத்த முடிவுகள்

இறக்கையைக் கழற்றிப் பூட்டும்படி வைப்பது என்று முதலில் முடிவானது. அசல் விமானத்தின் இறக்கை விரிப்பு 31.7 மீட்டர், 1/48-இல் 66 சென்டிமீட்டர். நீளம் 40 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இவ்வளவு அகலமான இறக்கை, கட்டைவிரல் அகலமே உள்ள தூணின் மேல் நிற்கிறது. வெறும் பிளாஸ்டிக் ஒட்டை நம்பினால் ஒரு நாள் தூணே முறியும். தூணுக்குள் இரண்டு பித்தளைக் குழாய்களைச் செங்குத்தாக இறக்கி, உடலின் அடித்தளம் வரை கொண்டுபோய் எபாக்சிப் பசையால் பிடித்தார்கள். அவற்றுக்குள் நுழையும் சிறிய குழாய்கள் இறக்கையின் அடியில். தாங்கு கம்பிகள் நான்கும் இறக்கையோடு நிற்கும். அவற்றின் கீழ்முனையில் மெல்லிய எஃகு ஊசி வைத்து உடலில் துளையிட்டாயிற்று. அசலில் அந்தத் தூணுக்குள்தான் விமானப் பொறியாளர் உட்காருவார். இரு பக்கமும் சிறிய ஜன்னல் உண்டு. குழாய்களை ஜன்னலுக்கு முன்னும் பின்னுமாக ஒதுக்கியதால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

அடுத்தது எடை. சக்கரத்தில் நிற்கும் மாதிரிக்கு மூக்கில் எடை வைக்காவிட்டால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். தண்ணீரில் நிற்கும் காட்சிக்கு அது தேவையில்லை என்று கட்டியவர் விட்டுவிட்டார். நல்லதாகப் போயிற்று. அவர் முதலில் ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையில் குழைத்து மூக்கில் அடைப்பதாக இருந்தார். அந்தப் பசையோடு ஈயம் வினைபுரிந்து மெல்ல உப்பும். சில ஆண்டுகளில் ஒட்டிய இடமே பிளக்கும். எடை வைத்தே ஆக வேண்டியவர்கள் எபாக்சியைப் பயன்படுத்துவது நல்லது.

மூன்றாவது முடிவு சக்கரக் குழிகள். இங்கேதான் கருத்து வேறுபாடு வந்தது. குழிப் பெட்டிகளை உள்ளிருந்து வெட்டி எடுத்துவிட்டு, உள்பக்கம் தட்டு வைத்து அடைக்கச் சொன்னார் மூத்தவர். அப்படிச் செய்தால் பக்கத்தில் ஒட்டிய தடுப்புகளும் அவற்றில் செய்த வயரிங்கும் போகும். வெளியிலிருந்து பிளாஸ்டிக் வட்டத்தை வைத்து மேலே பட்டி (இடைவெளி நிரப்பும் பூச்சு) போட்டுத் தேய்த்தால் உடலின் வளைவோடு சேர்த்துச் சமன் செய்வதும் சுலபம் என்று கட்டியவர் நினைத்தார். அந்த நேரத்தில் அது நியாயமான கணக்குதான். உடல் மூடப்பட்டது.

## உள்ளறையும் கண்ணாடியும்

உள்ளறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உடல் முழுக்க நீர்புகாத் தடுப்புகளால் அறை அறையாகப் பிரிக்கப்பட்டது. விமானி அறையும் குமிழ் ஜன்னல் அறையும் மட்டும் வெளியே தெரியும். அந்த இரண்டையும் முழுமையாகச் செய்தார். நடு அறையில் படுக்கைகளையும் செய்தார். மூடிய பின் அவை தெரியாது. வீண் வேலை என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூடுமுன் எடுத்த படங்களைப் பார்த்தால், இருபது மணி நேரத்துக்கு மேலும் பறக்கக்கூடிய ஒரு விமானத்துக்குள் மனிதர்கள் எப்படி இருந்தார்கள் என்பது ஒரே பார்வையில் புரிகிறது.

கண்ணாடிக்கு வேறு கணக்கு. கிட்டின் குமிழ் ஜன்னல் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடிமன். 48-ஆல் பெருக்கினால் அசலில் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி என்றாகும். மூடியே இருந்தால் பரவாயில்லை. திறந்து காட்ட வேண்டுமென்றால் அந்த விளிம்பு கண்ணை உறுத்தும். கட்டியவர் குமிழைத் திறந்து காட்ட விரும்பினார். அசலில் அதன் ஒரு பகுதி சுழன்று மேலே உள்ளே போய்விடும். அதனால் கிட்டின் கண்ணாடிக்குள் எபாக்சிப் பட்டியை அடைத்து அச்சு எடுத்து, அதை நுண்ணிய உப்புத்தாளில் வழவழவென்று தேய்த்து, சூடாக்கிய மெல்லிய தெளிந்த தகட்டை அதன் மேல் காற்றுறிஞ்சிப் படிய வைத்தார். அச்சில் இருந்த ஒரு தலைமுடிக் கீறல்கூடத் தகட்டில் பதிந்து வந்தது. முதலில் வந்த தகடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு அச்சை மறுபடி மெருகேற்றிய பிறகே தெளிவாக வந்தது. ஒட்டுவதற்குச் சூப்பர் குளூவைத் தொடவே இல்லை. அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் படலமாகப் படியும். மூடிய உடலுக்குள் படிந்தால் துடைக்கவும் வழியில்லை. காய்ந்தால் தெளிவாகும் வெள்ளைப் பசைதான்.

## வளையம் தெரிந்தது

சக்கரக் குழிகளில் பிளாஸ்டிக் வட்டங்களை வைத்து, மேலே டியூப் பட்டியைத் தடிமனாகப் போட்டு, சில நாள் காயவிட்டுத் தேய்த்தார் கட்டியவர். விரலால் தடவினால் எதுவும் தட்டுப்படவில்லை. அடிப்பூச்சாகச் சாம்பல் பிரைமர் அடித்தபோதும் குறை தெரியவில்லை. மேல்நிறம் இரண்டும் அடித்தாயிற்று. அதற்குப் பிறகு மாதிரி சில வாரம் அலமாரியில் இருந்தது. அந்த இடைவெளியில் அவர் எஞ்சின்களைச் செய்துகொண்டிருந்தார்.

மறுபடி எடுத்துச் சாளரத்துப் பக்கம் சாய்த்தபோது, இடப்பக்க உடலில் ஒரு வட்டம் தெரிந்தது. நேராகப் பார்த்தால் இல்லை. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் மட்டும், சக்கரக் குழியின் விளிம்பு அப்படியே, மெல்லிய பள்ளமாக. வலப்பக்கம் அதைவிட லேசாக. சக்கரமே இல்லாத விமானத்தின் விலாவில் சக்கரத்தின் தடம்.

காரணத்தை மூத்தவர் எடுத்துச் சொன்னார். டியூப் பட்டி கரைப்பான் ஆவியாகி இறுகும் வகை. தடிமனாகப் போட்டால் மேல்தோல் முதலில் காய்ந்துவிடும். உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். வெளியேற வெளியேறப் பட்டி சுருங்கும். போதாததற்கு அதே கரைப்பான் குழியின் விளிம்புப் பிளாஸ்டிக்கையும் இளக்கியிருக்கும். அதுவும் இறுகும்போது உள்வாங்கும். இன்னொன்றும் உண்டு: பட்டியைவிடப் பிளாஸ்டிக் கடினம். இரண்டையும் சேர்த்துத் தேய்த்தால் மெத்தென்ற பட்டிதான் அதிகம் தேயும். மூன்றும் சேர்ந்த விளைவு இது.

முன்னால் இருந்த வழிகள் மூன்று. பள்ளத்தில் மட்டும் சூப்பர் குளூ ஊற்றித் தேய்த்து, அந்த இடத்துக்கு மறுபடி பெயின்ட் அடிப்பது. அல்லது அந்த இடத்தை உப்புக்கறை, எண்ணெய் ஒழுகல் என்று அழுக்கால் மறைப்பது. அல்லது வெட்டித் திறந்து அடியிலிருந்து மறுபடி செய்வது.

மறைப்பதைக் கட்டியவரே ஏற்கவில்லை. அழுக்குக்கும் சான்று வேண்டும் என்பதில் அதற்குள் அவர் மூத்தவரைவிடக் கறாராகிவிட்டிருந்தார். பள்ளத்தை மட்டும் நிரப்புவதில் அவருக்கு ஆசை இருந்தது. ஒரு மாலை நேர வேலை. மூத்தவரின் பதில்: “தம்பி, அடியில பட்டி இன்னும் சுருங்கிட்டேதான் இருக்கு. இன்னைக்கு நிரப்பினா சமமா இருக்கும். அப்புறம் ஆறு மாசத்துல திரும்ப வரும். அப்போ டிக்கல், வார்னிஷ் எல்லாம் மேல இருக்கும்.” சுருங்குவது நின்றுவிட்டதா என்று கண்டுபிடிக்க வழி இல்லை. அந்த நிச்சயமின்மைதான் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுக்க வைத்தது.

வெட்டும் வேலை இப்படி நடந்தது. சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சுழலும் சிறு கருவியால் பட்டி முழுவதையும் தோண்டி எடுத்தார். இளகியிருந்த விளிம்புப் பிளாஸ்டிக்கையும், கெட்டியான பிளாஸ்டிக் வரும்வரை சுற்றிலும் சீவினார். ஓட்டையின் உள்விளிம்பில் பிளாஸ்டிக் பட்டைகளைச் சிறு துண்டுகளாக ஒட்டி, தட்டு உட்காரப் படி அமைத்தார். கெட்டியான பிளாஸ்டிக் தகட்டைச் சுடுநீரில் காட்டி உடலின் வளைவுக்கு வளைத்து, ஓட்டையின் வடிவத்துக்கே அறுத்தார். சும்மா வைத்தாலே விழாமல் நிற்கும் அளவுக்கு இறுக்கம். பிடிமானத்துக்கு எபாக்சி. அது கரைப்பானால் அல்ல, இரு பாகங்கள் வினைபுரிந்து இறுகுவது. அதனால் சுருக்கம் மிகக் குறைவு. சுற்றியிருந்த மயிரிழை இடைவெளிக்குச் சூப்பர் குளூவில் டால்கம் பவுடர் குழைத்துப் பூசினார். இதில் ஒரு நேரக்கணக்கு உண்டு. அந்தக் கலவையை இறுகிய சிறிது நேரத்திலேயே தேய்த்துவிட வேண்டும். ஒரு நாள் விட்டால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும். பிறகு எதிர்ப்பக்கமாக அதே சிக்கல், கலவை மேடாகவும் பிளாஸ்டிக் பள்ளமாகவும்.

தேய்த்ததில் ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) வரிசைகள் போயின. அந்தப் பகுதியில் கிட்டில் இருந்த கோடுகள் எப்படியும் 5ஏ-க்கு உரியவை, போனது நல்லதுதான். பென்சகோலா விமானத்தின் படத்தைப் பார்த்துப் புதிய தகட்டுக் கோடுகளைக் கீறி, பிசின் புள்ளிகள் பதித்த ரிவெட் டிக்கலை வரிசையாக ஒட்டினார். 5 மில்லிமீட்டர் தலையுள்ள ரிவெட் இந்த அளவில் 0.1 மில்லிமீட்டர்தான். கண்ணுக்கு ஒவ்வொன்றாகத் தெரியக் கூடாது. ஒளி பட்டால் வரிசை மட்டும் தெரிய வேண்டும். சில இடங்களில் ஒட்டியதை மெல்லத் தேய்த்து இன்னும் தணித்தார்.

சோதனைக்குப் பிரைமரை நம்பவில்லை. பளபளப்பான கறுப்பை மெல்லிதாக அடித்து, இருட்டறையில் மேசை விளக்கைத் தாழ வைத்து உடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சாம்பல் பிரைமர் மங்கலாக இருப்பதால் நிழலை விழுங்கிவிடும். பளபளக்கும் கறுப்பில் விளக்கின் பிம்பமே கோடாக ஓடும், மேடுபள்ளம் இருந்தால் அந்தக் கோடு வளையும். வலப்பக்கம் ஓரிடத்தில் வளைந்தது. சரி செய்தார். பிறகு அந்தக் கறுப்போடேயே மாதிரியைப் பல வாரம் தொடாமல் வைத்தார்கள். மறுபடி பார்த்தபோது கோடு நேராகவே ஓடியது.

## நிறமும் குறிகளும்

பிரிட்டிஷ் விமானப்படையின் கரையோரப் பிரிவின் பறக்கும் படகுகளுக்கு அந்தக் காலத்தில் இருந்த கடல் மறைப்பு நிறங்களே இதற்கும்: மேலே மிகக் கருமையான கடற்சாம்பலும் பச்சை கலந்த கற்பலகைச் சாம்பலும். அடிப்பக்கத்துக்கு ‘ஸ்கை’ எனப்படும் வெளிர்பச்சை. இரண்டு கரும்நிறங்களையும் டப்பாவில் இருந்தபடி அடித்தால் சிறிய மாதிரியில் ஒன்றாகக் கலந்து கறுப்பாகத் தெரியும். அதனால் இரண்டிலும் சிறிது வெளிர் சாம்பலைச் சேர்த்தார்.

வட்டக் குறிகளை டிக்கலாக ஒட்டாமல் மாஸ்க் வெட்டி ஏர்பிரஷால் அடித்தார். உடலில் வருவது அப்போதைய ஏ1 வகை: நடுவில் சிவப்பு, பிறகு வெள்ளை, நீலம், வெளியே மஞ்சள், விட்டங்கள் 1:3:5:7 என்ற விகிதம். வால் செங்குத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் சம அகலப் பட்டைகளாக. வெள்ளையும் மஞ்சளும் ஒடுங்கிய புதிய வகை அந்த ஆண்டின் நடுப்பகுதியில்தான் வந்தது. மூன்று மாதம் தள்ளிப் போயிருந்தால் குறிகளே வேறு.

அழுக்கில்தான் நாள்கணக்கு முழுமையாக உதவியது. வெப்பமண்டலக் கடல் விமானம் என்றாலே வெளுத்த பெயின்ட், உப்பு பூத்த உடல் என்று செய்வது வழக்கம். கட்டியவரும் அதற்குத் தயாராக இருந்தார். ஆனால் இந்த விமானம் இலங்கை வெயிலில் இரண்டு பகல்கூட முழுதாக நிற்கவில்லை. வடகடல் தளத்தில் இருந்து நெடும்பயணம் வந்த விமானம் அது. ஆகவே எஞ்சின்களுக்குப் பின்னால் இறக்கை மேல் புகைக்கரி தாராளமாக, நீர்க்கோட்டை ஒட்டி மெல்லிய உப்புக்கோடு, ஆட்கள் நடக்கும் இடங்களில் தேய்மானம். நிறம் வெளுக்கவில்லை. இறக்கையின் பின்பாதி அசலில் துணி போர்த்தியது. அங்கே மட்டும் நிறத்தை ஒரு மாத்திரை மாற்றி, உலோகத்தில் செய்வது போலப் பெயின்ட் உதிர்வதைக் காட்டாமல் விட்டார்.

## தண்ணீர்

வரிசை எண் உள்ள ஒரு விமானத்தின் ஒரு விடியற்காலை என்றால் அது தண்ணீரில் நிற்க வேண்டும். தெளிந்த பிசினை ஊற்றி நீராக்குவதுதான் பலர் செய்வது. இவ்வளவு பெரிய உடலைச் சுற்றித் தடிமனாக ஊற்றினால் பிசின் இறுகும்போது சூடேறும்; பிளாஸ்டிக் உடல் வளைய வாய்ப்பு உண்டு. பிறகு மாதிரியைத் தனியே எடுக்கவும் முடியாது. அதனால் ஃபோம் பலகையில் உடலின் அடிப்பாகம் உட்காரக் குழி வெட்டி, உடலைப் பிளாஸ்டிக் படலத்தால் சுற்றி உட்கார வைத்து, விளிம்பு வரை அக்ரிலிக் ஜெல்லைத் தள்ளினார். காய்ந்ததும் உடலை எடுத்துப் படலத்தை உரித்தபோது நீர்விளிம்பு கச்சிதமாக நின்றது. ஃபோமுக்கு முதலில் பசைப்பூச்சு கொடுத்தது முக்கியம். கரைப்பான் கலந்த ஸ்ப்ரே நேரடியாகப் பட்டால் ஃபோம் அரித்துப் போகும்.

நீர்மட்டத்தைத் தாழ்வாக அல்ல, உயரமாகவே வைத்தார்கள். நாள் முழுக்கப் பறக்க எரிபொருள் நிரப்பிய விமானம் ஆழமாகத்தான் அமிழ்ந்திருக்கும். நின்றிருக்கும் பறக்கும் படகுகளின் பல படங்களில் ஒரு பக்க மிதவை மற்றதைவிட ஆழத்தில் இருப்பதைக் கவனித்து, இறக்கையை ஓரளவு சாய வைத்தார். நீருக்குக் கடல்நீலம் வேண்டாம், ஏரிக்கு மங்கிய பச்சை போதும் என்று முடிவாயிற்று. அலை மிகக் குறைவு.

மனித உருவங்கள் வைப்பதா என்று பேச்சு வந்தது. ஒரு படகும் இரண்டு ஆட்களும் இருந்தால் அளவு புரியும் என்றார் மூத்தவர். கட்டியவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த விடியலில் அதில் ஏறியவர்கள் ஒன்பது பேர் யார் என்று தெரியும். அவர்களில் மூவர் திரும்பவில்லை என்றும் தெரியும். பெட்டியில் வரும் பொதுவான பொம்மை முகங்களை அவர்கள் இடத்தில் நிறுத்த மனம் வரவில்லை என்றார். நானும் அவர் பக்கம்தான். விமானத்தை நிறுத்தி வைக்க நீரில் மிதக்கவிடும் குமிழில் கட்டிய கயிறு மட்டும் இருக்கிறது.

## விளைவு

மாதிரி ஒரு கண்காட்சியில் வைக்கப்பட்டது. பக்கத்தில் ஓர் அட்டை. அதில் விமானத்தின் கதை நான்கு வரி. அதற்குக் கீழே எந்தப் பகுதி எந்தக் கோப்பின் சான்றிலிருந்து வந்தது என்று மூன்று வரி. இதைப் படித்துவிட்டு நின்று பேசியவர்கள் எண்ணிக்கை, எஞ்சின் வயரிங்கைக் கேட்டவர்களைவிட அதிகம். கொழும்புத் தாக்குதலைப் பற்றித் தாத்தா சொல்லக் கேட்ட ஒருவர் நெடுநேரம் நின்றார்.

ஓர் ஆண்டுக்கு மேலாகியும் உடலின் பக்கத்தில் வளையம் திரும்பவில்லை. பித்தளைக் குழாய் இணைப்பு உறுதியாக இருக்கிறது. ஒரு சேதம் நேர்ந்தது: கண்காட்சி முடிந்து பிரிக்கும்போது உதவிக்கு வந்தவர் இறக்கையை ஒரு நுனியைப் பிடித்துச் சாய்த்துத் தூக்கினார், வலப்பக்கத் தாங்கு கம்பி ஒன்றின் ஊசி உடலின் துளையைக் கிழித்தது. துளையில் சிறு பித்தளைக் குழாயைப் பதித்துச் சரி செய்தாயிற்று.

## அடுத்த முறை மாற வேண்டியவை

எந்த விமானம், எந்த நாள், நிலத்திலா நீரிலா என்ற மூன்றும் கிட்டின் முதல் பாகத்தை ஒட்டுமுன் எழுத்தில் இருக்க வேண்டும். இங்கே நடந்த பெரிய வேலை முழுக்க, குழிப் பெட்டிகளை ஒட்டிய பிறகு விமானம் மாறியதால் வந்தது. விமானம் நடுவில் மாறினால், ஒட்டியதை உடைத்தாவது குழிகளை உள்ளிருந்து அடைப்பது மலிவு; வயரிங்கைத் திரும்பச் செய்ய ஆகும் நேரம், வெட்டித் திறந்து மூடிய நேரத்தில் ஒரு சிறு பங்குதான்.

ஓட்டைகளுக்குத் தகடு, கோடுகளுக்கு மட்டும் பட்டி. கரைப்பான் பட்டியைத் தடிமனாகப் போடுவதில்லை என்று கட்டியவர் முடிவெடுத்திருக்கிறார். பளபளக்கும் கறுப்புச் சோதனை இனி எல்லா மாதிரிக்கும், நிறம் தொடங்குமுன், காத்திருப்போடு சேர்த்து.

குமிழ் ஜன்னலுக்கான அச்சு நல்ல நிலையில் இருக்கிறது. கண்ணாடி மஞ்சளித்தால் புதிதாக எடுக்கலாம். தாங்கு கம்பித் துளைகள் நான்கிலும் ஆரம்பத்திலேயே உலோகக் குழாய் பதிக்க வேண்டும். இறக்கைக்கும் உடலுக்கும் தனித்தனிப் பெட்டி செய்தாயிற்று. மூடியின் உள்பக்கம், இருவர் ஆளுக்கொரு எஞ்சின் பக்கம் பிடித்து நேராக மேலே தூக்க வேண்டும் என்று படத்தோடு ஒட்டியிருக்கிறார்கள்.